இன்னைக்குத் தெரியும், நாளைக்குத் தெரியாது: கண்ணாமூச்சி ஆடும் ஹார்டு டிஸ்க்... முதலில் என்ன செய்ய வேண்டும்?

திங்கட்கிழமை காலை. பீளமேட்டில் ஒரு வீடு. ஒர்க் ஃப்ரம் ஹோம் லாகின் நேரத்துக்கு இன்னும் பத்து நிமிடம். கம்ப்யூட்டரை ஆன் செய்தால், 'டி' டிரைவைக் காணோம். அலுவலக ஃபைல்கள், பத்து வருட குடும்பப் போட்டோக்கள், தங்கையின் கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பதற்றத்தில் ரீஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல டிரைவ் திரும்ப வந்து நிற்கிறது. 'அப்பாடா, சரியாயிடுச்சு' என்று வேலையைத் தொடங்கிவிடுகிறோம்.

பலரும் தவறு செய்வது இந்த 'அப்பாடா'வில்தான். ஒருமுறை மறைந்து மீண்டும் வந்த ஹார்டு டிஸ்க், இன்னும் சரியாகவில்லை. உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "ஏனுங்க, நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு!" அந்த 'நேத்து'தான் டேட்டாவை எடுத்து வைத்திருக்க வேண்டிய நாள்.

பல நேரங்களில் இது ஒரு சின்ன கேபிள் பிரச்னையாகவும் இருக்கலாம். சில நேரம் டிரைவின் கடைசி மூச்சாகவும் இருக்கலாம். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எந்த வரிசையில் சோதிப்பது? எங்கே நிறுத்திக்கொள்வது? பார்க்கலாம்.

முதல் வேலை ரிப்பேர் இல்லை, காப்பி!

டிரைவ் இப்போது தெரிகிறது என்றால், கேபிளைத் தொடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். விண்டோஸ் அப்டேட் போடாதீர்கள். முக்கியமான ஃபைல்களை வேறு ஒரு டிரைவுக்கு உடனே காப்பி செய்யுங்கள்.

மொத்த டிரைவையும் ஒரே இழுப்பில் காப்பி போடுவதும் சரியில்லை. நடுவில் டிரைவ் மறைந்தால் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாமல் போகும். எதைத் திரும்ப உருவாக்கவே முடியாதோ அதை முதலில் எடுங்கள். குடும்பப் போட்டோக்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், கணக்கு ஃபைல்கள், டிசைன் ஃபைல்கள் முதலில் வரட்டும். சினிமா, சாஃப்ட்வேர் போன்றவை கடைசி. அவற்றை மீண்டும் டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

காப்பி செய்யும்போதே டிரைவ் அடிக்கடி துண்டிக்கப்படுகிறதா? லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் 'டிடிரெஸ்க்யூ' என்ற மென்பொருள் இதற்காகவே உருவாக்கப்பட்டது. எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சிக்கலான இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். எதுவரை படித்தது என்று குறித்து வைத்துக்கொள்வதால், டிரைவ் நடுவில் மறைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதில் எந்த டிரைவிலிருந்து எந்த டிரைவுக்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் உள்ளதும் அழிந்துவிடும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு டிரைவ் 'தெரிவது' எப்படி?

நாம் பவர் பட்டனை அழுத்திய அடுத்த சில நொடிகளில் ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு வரிசையான வேலை நடக்கிறது. முதலில் மின்சாரம் வர வேண்டும். டெஸ்க்டாப்பில் இருக்கும் 3.5 இன்ச் டிரைவுக்கு மோட்டாரைச் சுற்ற 12 வோல்ட், சர்க்யூட் போர்டுக்கு 5 வோல்ட் தேவை. லேப்டாப்பில் இருக்கும் 2.5 இன்ச் டிரைவுக்கு 5 வோல்ட் மட்டும் போதும்.

அடுத்து உள்ளே இருக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை என்ற முழு வேகத்துக்கு வர வேண்டும். பிறகு தகவலைப் படிக்கும் ஹெட், தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கத் தொடங்கும். ஒரு தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். அப்படியென்றால் அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள்.

டிரைவ் இயங்கத் தேவையான கட்டளைகளில் ஒரு பகுதியும் அந்தத் தட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஹெட் அதைப் படித்த பிறகுதான், 'என் மாடல் இது, என் கொள்ளளவு இது' என்று டிரைவ் முழுமையாகப் பதில் சொல்லும். அந்தப் பதிலை பயாஸ் கேட்டு, பிறகு விண்டோஸ் கேட்டு, கடைசியாக 'திஸ் பிசி'யில் ஒரு எழுத்தாக நமக்குக் காட்டும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: டிரைவைக் காணோம். ஆக, எந்தக் கண்ணி தளர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பயாஸில் தெரிகிறதா, விண்டோஸில் மட்டும் தெரியவில்லையா?

டிரைவ் மறைந்திருக்கும்போது செய்ய வேண்டிய முதல் சோதனை இது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 கீயை அழுத்தினால் (மாடலைப் பொறுத்து மாறும்) பயாஸ் திரை வரும். அங்கே டிரைவின் பெயரும் கொள்ளளவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பயாஸில் சரியாக இருக்கிறது, விண்டோஸில் மட்டும் இல்லை என்றால் நிம்மதி கொஞ்சம் அதிகம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். டிரைவ் லெட்டர் போயிருக்கலாம், 'ஆஃப்லைன்' என்று இருக்கலாம். லெட்டர் கொடுப்பதும் ஆன்லைன் ஆக்குவதும் டேட்டாவைத் தொடாது. ஆனால் 'இனிஷியலைஸ் செய்யட்டுமா', 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று விண்டோஸ் கேட்டால், பதில் 'வேண்டாம்' மட்டும்தான்.

பயாஸிலேயே இல்லை என்றால், பிரச்னை கேபிள், போர்ட், மின்சாரம் அல்லது டிரைவில் இருக்கிறது. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வதால் எந்தப் பயனும் இல்லை.

பயாஸில் தெரிகிறது, ஆனால் பெயர் தாறுமாறாக இருக்கிறது அல்லது கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டுகிறது என்றால் கவனம். சர்க்யூட் போர்டு விழித்துக்கொண்டது, ஆனால் தட்டில் இருப்பதைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். மேலும் சோதிக்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது மறைகிறது? குறித்து வையுங்கள்

எப்போதாவது மட்டும் வரும் பிரச்னையைப் பிடிக்க எளிய வழி, அது வரும் நேரத்தைக் குறித்து வைப்பது. போனில் ஒரு நோட்ஸ் போதும். மூன்று நான்கு முறை குறித்தாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

• காலையில் ஆன் செய்தால் தெரியாது, ரீஸ்டார்ட் செய்தால் தெரியும்: டிரைவ் முழு வேகத்துக்கு வருவதற்குள் பயாஸ் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பயாஸில் 'ஃபாஸ்ட் பூட்' இருந்தால் அணைத்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பலவீனமாக இருந்தாலும் இப்படி நடக்கும். மோட்டார் சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளில்தான் டிரைவ் அதிக மின்சாரம் இழுக்கும்.

• அரை மணி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மறைகிறது: வெப்பம் காரணமாக இருக்கலாம். சூட்டில் விரிவடையும்போது மட்டும் விலகும் சால்டர் இணைப்புகள் உண்டு.

• டீ குடித்துவிட்டு வந்தால் காணோம்: பவர் சேவிங் செட்டிங் டிரைவைத் தூங்க வைத்திருக்கிறது, அது எழவில்லை. பவர் ஆப்ஷன்ஸில் ஹார்டு டிஸ்க்கை அணைக்கும் நேரத்தைப் பூஜ்யமாக மாற்றிப் பாருங்கள்.

• மேஜை ஆடினால், கேபினெட்டைத் தொட்டால் மறைகிறது: கனெக்டர் தளர்வு.

• பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது மட்டும் மறைகிறது: கேபிள், மின்சாரம், அல்லது தட்டில் படிக்க முடியாத பகுதிகள்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒரே நேரத்தில் எல்லாம் வேண்டாம்

கேபிள், போர்ட், எஸ்எம்பிஎஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு 'சரியாயிடுச்சு' என்றால், எது காரணம் என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மாற்றம் செய்யுங்கள், இரண்டு மூன்று நாள் பாருங்கள், பிறகு அடுத்தது.

தொடங்க வேண்டிய இடம் சாட்டா டேட்டா கேபிள். விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். சாட்டா விதிமுறைப்படி, கம்ப்யூட்டருக்கு உள்ளே பயன்படும் கேபிள் கனெக்டர்கள் சுமார் 50 முறை மாட்டிக் கழற்றுவதைத் தாங்கினால் போதும் என்றுதான் வடிவமைக்கப்படுகின்றன. அடிக்கடி கழற்றி மாட்டினால் தளர்வது இயல்பே. கிளிப் உள்ள கேபிளாக வாங்குங்கள். கூர்மையாக மடிக்க வேண்டாம்.

அடுத்து மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட். அதன் பிறகு பவர் கனெக்டர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வேறு ஒரு கனெக்டரை மாட்டிப் பாருங்கள். ஒரே வயரில் மூன்று நான்கு டிரைவ்களை இணைத்திருந்தால் பிரித்து விடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கழற்றி மாட்டும் வகை 'மாடுலர்' எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள், ஒரு கம்பெனியின் பவர் கேபிளை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டக் கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், சும்மா மறைந்து விளையாடிய டிரைவ் நிஜமாகவே கருகிவிடும்.

எதைத் தொடும் முன்பும் ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் இருந்தால், பயாஸ் செட்டிங்கை மாற்றும் முன் அதன் ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிரைவே சொல்லும் ரிப்போர்ட் கார்டு

ஒவ்வொரு டிரைவும் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துகொண்டிருக்கும். அதற்குப் பெயர் 'ஸ்மார்ட்'. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். நீளமான பட்டியல் வரும். பயப்பட வேண்டாம், நான்கு வரிகள் போதும்.

5 என்ற எண், கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் காத்திருப்பில் இருக்கும் பகுதிகள். 198, படிக்கவே முடியாது என்று சோதனையில் முடிவான பகுதிகள். இந்த மூன்றில் எது கூடிக்கொண்டே போனாலும் டிரைவ் தேய்ந்துகொண்டிருக்கிறது. கேபிள் மாற்றி நேரத்தை வீணாக்காமல் டேட்டாவை எடுங்கள்.

நான்காவது 199. டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போகும் வழியில் ஏற்பட்ட பிழைகள் இதில் பதிவாகும். மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறினால், குற்றவாளி பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர். ஒரு விஷயம்: இந்த எண் குறையாது. கேபிள் மாற்றிய நாளில் எவ்வளவு இருந்தது என்று எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்தும் அதே எண் இருந்தால் பிரச்னை தீர்ந்தது.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரும் உதவும். சிஸ்டம் லாகில் 129 என்ற எண் இருந்தால் பதில் வராமல் டிரைவை ரீசெட் செய்தார்கள் என்று பொருள். 153 என்றால் படிக்கும் முயற்சியை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. 7 என்றால் கெட்ட பகுதி. இந்தப் பதிவுகளின் நேரத்தையும் உங்கள் நோட்ஸையும் ஒப்பிட்டால் பாதி துப்பு கிடைத்துவிடும்.

எக்ஸ்டர்னல் டிரைவா? முதலில் ஒயரைப் பாருங்கள்

கையில் எடுத்துப் போகும் யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்குக்கு டேட்டா, மின்சாரம் இரண்டும் ஒரே ஒயரில் வருகின்றன. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியரும், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியரும் கொடுக்கும். பழைய போர்ட், பவர் இல்லாத ஹப், நீளமான மலிவு ஒயர் எதுவாக இருந்தாலும் டிரைவ் சுழல முயன்று தோற்கும். ஒயரை மாற்றி, டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள்.

உள்ளே இருக்கும் டிரைவைக் கழற்றி நேராக மாட்டிவிடலாம் என்ற யோசனை எல்லா மாடலுக்கும் பொருந்தாது. சில மாடல்களில் யுஎஸ்பி சாக்கெட் டிரைவின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அந்தப் போர்டு வழியாகத்தான் டேட்டா என்கிரிப்ட் ஆகியிருக்கும்.

தப்பு எப்போதும் நம் பக்கம் இல்லை

கேபிளும் சரி, மின்சாரமும் சரி, ஆனாலும் டிரைவ் மறைகிறது. இப்படி உலகமே தலையைப் பிய்த்துக்கொண்ட மூன்று சம்பவங்கள் உண்டு.

2009 ஜனவரியில் சீகேட்டின் 'பாரகுடா 7200.11' வரிசை டிரைவ்கள், ஒருநாள் ஆன் செய்தால் பயாஸில் தெரியாமல் போயின. தட்டுகளில் டேட்டா பத்திரமாக இருந்தது. டிரைவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரில்தான் பிழை. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு புதிய ஃபர்ம்வேர் வெளியிட்டது.

2011 ஜனவரி 31 அன்று இன்டெல் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சேண்டி பிரிட்ஜ் கம்ப்யூட்டர்களுக்கான 6 சீரிஸ் சிப்செட்டில் ஒரு வடிவமைப்புக் கோளாறு. நாளாக நாளாக சில சாட்டா போர்ட்கள் பலவீனமாகும். பாதிக்கப்பட்டவை 2 முதல் 5 வரை உள்ள போர்ட்கள் மட்டும். 0, 1 ஆகிய இரண்டும் நன்றாக இருந்தன. அதாவது, அதே டிரைவைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றினால் பிரச்னை இல்லை. பழுதுநீக்கவும் மாற்றிக்கொடுக்கவும் சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்று இன்டெல் அப்போது கணக்கிட்டது. 'போர்ட்டை மாற்றிப் பாருங்கள்' என்ற எளிய யோசனையின் மதிப்பு இதில் தெரியும்.

மூன்றாவது, குரூஷியலின் 'எம்4' எஸ்எஸ்டி. மொத்தம் 5,184 மணி நேரம், அதாவது 216 நாள் அளவுக்கு ஓடிய பிறகு திடீரென்று பதில் சொல்லாமல் நின்றது. ரீஸ்டார்ட் செய்தால் ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அப்டேட் அதைச் சரிசெய்தது.

பாடம்: உங்கள் டிரைவின் மாடல் பெயரோடு ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். ஆனால் பேக்கப் எடுத்த பிறகே அப்டேட் செய்யுங்கள்.

நம்ம ஊர் தூசி, சூடு, கரன்ட்

திருப்பூர் பனியன் கம்பெனி அலுவலகத்தில் பஞ்சுத் தூசி. கணபதி பக்கம் லேத் பட்டறையில் இரும்புத் துகள். டிரைவின் உள்ளே இவை அவ்வளவு எளிதில் போகாது, காற்றுத் துளையில் ஃபில்டர் உண்டு. ஆனால் கனெக்டரிலும் ஃபேனிலும் படியும். ஃபேன் அடைத்தால் சூடு ஏறும். பெரும்பாலான டிரைவ்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்சவரம்பு 60 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் மூடிய அறையில், தூசி அடைத்த கேபினெட்டில் அந்த இடத்தை நெருங்குவது கஷ்டமே இல்லை.

பட்டறையில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் அதே லைனில் கம்ப்யூட்டரும் இருந்தால் வோல்டேஜ் ஏறி இறங்கும். யுபிஎஸ், சரியான எர்த்திங் இரண்டும் டிரைவின் ஆயுளோடு நேரடியாகத் தொடர்புடையவை. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய், பெயருக்கு மட்டும் மேஜைக்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தச் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள்

'டக்... டக்... டக்' என்று ஒரே சீராக வரும் சத்தம், கீச்சென்ற உரசல், சுழலத் தொடங்கி நின்றுபோகும் ஒலி. இதில் எது கேட்டாலும் உடனே பவரை நிறுத்துங்கள். ஹெட் தட்டில் உரசினால் அந்த இடத்தில் இருக்கும் டேட்டா தூளாக உதிர்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பதுதான்.

செய்யவே கூடாதவை இவை:

• ஃப்ரீசரில் வைப்பது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.
• தட்டுவது, ஆட்டுவது. "ஆட்டிப் பார்த்தா வருதுங்க" என்றால் அது அடுத்த முறை வராமல் போகலாம்.
• மூடியைத் திறப்பது. அதற்குத் தூசியற்ற அறை வேண்டும்.
• படிக்கத் திணறும் டிரைவில் 'செக் டிஸ்க்' ஓட்டுவது. அது டேட்டாவைக் காப்பாற்றும் கருவி இல்லை, ஃபைல் அமைப்பைச் சீராக்கும் கருவி. பேக்கப் இல்லாமல் ஓட்டினால் ஃபைல்கள் சிதறலாம்.
• அதே மாடலின் சர்க்யூட் போர்டை வாங்கி மாற்றுவது. ஒவ்வொரு போர்டிலும் அந்த டிரைவுக்கே உரிய அளவீடுகள் பதிந்த சிப் இருக்கும். அதையும் மாற்றாவிட்டால் பெரும்பாலும் பயனில்லை.

கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேறு, டேட்டா ரெகவரி வேறு. டிரைவைக் கொடுக்கும் முன் கேளுங்கள்: வேலையை நீங்களே செய்வீர்களா, வெளியூருக்கு அனுப்புவீர்களா? திறக்க வேண்டியிருந்தால் தூசியற்ற அறை இருக்கிறதா? டேட்டா வரவில்லை என்றால் கட்டணம் உண்டா? மதிப்பீட்டை எழுதித் தருவீர்களா? டிரைவின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாரன்டி இருக்கிறதே என்று நேராக சர்வீஸ் சென்டருக்கும் ஓட வேண்டாம். வாரன்டியில் கிடைப்பது வேறு டிரைவ். உள்ளே இருந்த டேட்டாவுக்குப் பொதுவாக அவர்கள் பொறுப்பில்லை, பழைய டிரைவும் திரும்பி வராது. டேட்டா முக்கியமா, டிரைவ் முக்கியமா என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

எல்லாம் சரியான பிறகு...

கேபிள் மாற்றினீர்கள், 199 நின்றுவிட்டது, ஒரு மாதமாக டிரைவ் மறையவில்லை. நல்லது. ஆனாலும் அந்த டிரைவில் மட்டும் இருக்கும் ஃபைல் என்று ஒன்றுகூட இருக்கக் கூடாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் விதி. அவ்வளவு முடியாவிட்டால் ஒரு எக்ஸ்டர்னல் டிரைவும், முக்கியமானதற்கு மட்டும் கிளவுடும் போதும். எக்ஸ்டர்னலை எப்போதும் மாட்டியே வைக்க வேண்டாம். மின்னல் அடித்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

தங்கையின் கல்யாண வீடியோவை இன்னொரு முறை எடுக்க முடியாது. புது ஹார்டு டிஸ்க்கை இன்று மாலையே வாங்கிவிடலாம். உங்கள் டிரைவ் ஒருமுறையாவது மறைந்து திரும்ப வந்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் காப்பி போடத் தொடங்குங்கள்.